ஆடு போன தடம், ஆள் போன தடம்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டு, திரும்பத் திரும்பச் சொன்ன இடங்களை மட்டும் நீக்கியிருக்கிறோம்.)

சேலத்துல எந்த மொட்டை மாடியில ஏறி நின்னாலும் நாலு பக்கமும் மலை தெரியும். வடக்கே நகரமலை, அதுக்குப் பின்னாடி சேர்வராயன் மலை. தெற்கே ஜருகுமலை. மேற்கே கஞ்சமலை. கிழக்கே கோதுமலை. அப்படியே ராசிபுரம், நாமக்கல் பக்கம் வண்டியை விட்டா போதமலை, அலவாய்மலை, நைனாமலை, கடைசியா சுவர் மாதிரி கொல்லிமலை. புத்தகத்துல இதுக்குப் பேரு சமவெளி. ஆனா இங்க வளர்ற ஒரு பையனோ பொண்ணோ தினமும் பார்க்கிறது மலைகளைத்தான்.

அப்போ இயல்பா ஒரு கேள்வி வரும். அந்த மலை மேல எப்படி ஏறுறது?

இந்தக் கேள்வியை நெட்டுல தேடிப் பாருங்க. ஏற்காடுன்னா இருபது கொண்டை ஊசி வளைவு, போட்டிங், ஹோட்டல். கொல்லிமலைன்னா எழுபது கொண்டை ஊசி வளைவு, ஆகாய கங்கை அருவி. எல்லாமே வண்டியில போய் இறங்கற இடம். நடந்து போறதைப் பத்தின வீடியோ இருந்தா, ட்ரோன் ஷாட் இருக்கும், மியூசிக் இருக்கும், 'வேற லெவல் ஸ்பாட் மக்களே' இருக்கும். எந்த ஊர்ல வண்டியை நிறுத்தணும், எந்த வேலி ஓரமா நுழையணும், தண்ணி எங்க கிடைக்கும், அங்க நுழையவே அனுமதி உண்டா, எதுவும் இருக்காது. கமென்ட்ல நூறு பேர் 'லொக்கேஷன் ப்ளீஸ்'னு கேட்டிருப்பாங்க. பதில் இருக்காது.

அந்தப் பதிலை நாமளே எழுதி வைக்கலாமேன்னு நாங்க சில பேர் சேர்ந்து ஒரு இலவச இணையதளம் பண்ணோம். யார் வேணும்னாலும் பாதை சேர்க்கலாம், யார் வேணும்னாலும் திருத்தலாம். அதோட பேரை இன்னிக்கு நான் சொல்லப் போறதில்லை, இது விளம்பரம் கிடையாது. அதைப் பண்ணும்போது நான் செஞ்ச ஒரு தப்பு, அதுல தெரிஞ்சுக்கிட்ட சில விஷயம், இதைச் சொல்லத்தான் வந்திருக்கேன்.

முதல்ல நாங்க கட்டினது ரொம்ப அழகா இருந்துச்சு. சொந்த டேட்டாபேஸ், சொந்த ஃபார்ம், ஸ்டார் ரேட்டிங், போட்டோ போட இடம். நாலு மாசத்துல பதினோரு பாதை வந்துச்சு. அதுல ஒன்பது நாங்களே போட்டது. மிச்சம் ரெண்டுல ஒண்ணு ஏற்காடு ஏரியைச் சுத்தி வர்ற ரோடு.

அப்பதான் ஒரு நண்பர் கேட்டாரு, 'ஏற்கெனவே ஒரு பொது வரைபடம் இருக்கே, அதுல எழுதாம ஏன் தனியா ஒரு தீவு கட்டறீங்க?'ன்னு. அவர் சொன்னது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். தெரியாதவங்களுக்கு ஒரு வரியில சொல்லணும்னா, விக்கிபீடியா மாதிரி மக்களே எழுதற உலக வரைபடம். 2004ல ஸ்டீவ் கோஸ்ட்ங்கறவர் இங்கிலாந்துல தொடங்கினாரு. அங்க அரசாங்க வரைபடத் தரவைப் பயன்படுத்தணும்னா நிறைய காசு, நிறைய நிபந்தனை. சரி, நாமளே நடந்து நடந்து வரைஞ்சுக்கலாம்னு கிளம்பினதுதான். இன்னிக்கு அது எங்க போய் நிக்குதுன்னா, உங்க போன்ல இருக்கிற பாதி ட்ரெக்கிங் ஆப் அந்த வரைபடத்து மேலதான் ஓடுது. ஆஸ்மாண்ட், ஆர்கானிக் மேப்ஸ் எல்லாம் அப்படித்தான். காசு வாங்கற பெரிய ட்ரெயில் ஆப்கள்லயும் அடியில இருக்கிற கோடுகள்ல நிறைய அங்க இருந்து வந்ததுதான். எங்கிருந்து எடுத்தோம்னு சொல்லணும், அந்தத் தரவைச் சேர்த்துத் திருத்தி வெளியிட்டா அதையும் அதே உரிமத்துல திறந்து வைக்கணும். முக்கியமான நிபந்தனை இவ்வளவுதான்.

இந்தியாவுல இதுக்கு இன்னொரு பக்கமும் இருந்துச்சு. தனி ஆட்கள் வரைபடம் பண்றது சரியா தப்பான்னு பல வருஷம் ஒரு மங்கலான நிலைமை. 2021 பிப்ரவரியில மத்திய அரசு புது வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டு, இந்தியர்கள் வரைபடத் தரவு சேகரிக்க முன் அனுமதி தேவையில்லைன்னு பெரும்பாலும் திறந்து விட்டுச்சு. அது ஒரு நிம்மதி.

ஆக, கோடுகளை எல்லாம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ல வரையறது, எங்க தளம் அதை எடுத்துக் காட்டி, கூடவே மனுசங்க எழுதற குறிப்பைச் சேர்க்கிறது. இப்படி மாத்தின பிறகு சர்வர் செலவும் குறைஞ்சது, ஆளுங்களும் வந்தாங்க. ஏற்கெனவே வரைஞ்சிட்டிருந்தவங்க சேலத்துல, திருச்செங்கோட்டுல, ஆத்தூர்ல எல்லாம் இருந்திருக்காங்க, எங்களுக்குத்தான் தெரியல.

வரையறதுன்னு சொன்னேன் இல்லையா, அதைக் கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா பிரச்சினை அங்கதான் இருக்கு. நீங்க போன்ல ஜிபிஎஸ் ஆன் பண்ணிட்டு நடப்பீங்க. அது சில நொடிக்கு ஒரு புள்ளி வைக்கும். வீட்டுக்கு வந்து அந்தப் புள்ளி வரிசையைச் செயற்கைக்கோள் படத்து மேல போட்டு, அதைப் பார்த்துக் கோடு இழுப்பீங்க. அப்புறம் அந்தக் கோடு என்னன்னு சொல்லணும். வண்டி போற மண் ரோடா, நடக்கிற பாதையா, படிக்கட்டா. எவ்வளவு கஷ்டம்னு சொல்ல ஒரு ஆறு படி அளவுகோல் இருக்கு, சுவிஸ் மலையேற்றக் கழகத்துக்காரங்க வச்ச அளவு. பாதை கண்ணுக்கு எவ்வளவு தெளிவா தெரியுதுன்னு சொல்ல இன்னொரு அளவுகோல். யார் போகலாம், யார் போகக் கூடாதுங்கறதுக்கு ஒரு கட்டம். தமிழ்ப் பேருக்குன்னே தனிக் கட்டம்.

இதுல எங்க ஊருக்குன்னு ஒரு சிக்கல். கொங்குப் பக்கம் வழிக்குப் பேரு தடம். 'இந்தத் தடத்துல போங்க'ன்னுதான் சொல்லுவாங்க. ஒத்தையடித் தடம் இருக்கு, வண்டித் தடம் இருக்கு. அப்புறம் இட்டேரி இருக்கு. ரெண்டு பக்கமும் காட்டு வேலி, கள்ளி, கிளுவை, கோவைக்கொடி, நடுவுல மாடும் ஆளும் போற ஒரு சந்து. மலை அடிவாரத்துக்குப் போற நிறைய வழி இட்டேரியிலதான் ஆரம்பிக்கும். இதை வரைபடத்துல எந்த வகையில போடறது? பாதையா, வண்டி ரோடா? ரெண்டும்தான், ரெண்டும் இல்லை. இதுக்காக ஒரு முழு ராத்திரி சண்டை போட்டிருக்கோம். கடைசியில அகலத்தைப் பார்த்து முடிவு பண்றது, குறிப்புல 'இட்டேரி'ன்னு தமிழ்லயே எழுதிடறதுன்னு ஒத்துக்கிட்டோம். (இப்போ நிறைய இட்டேரி ஜேசிபி வச்சு அகலமாக்கித் தார் போட்டாச்சு. அது வேற கதை.)

சரி, என் தப்புக்கு வர்றேன்.

ஒரு மலை. பேரைச் சொல்ல மாட்டேன், சொன்னா இந்த ஞாயித்துக்கிழமையே சில பேர் போவீங்க. மாசி மாசம், நல்ல காய்ச்சல். புல் எல்லாம் காஞ்சு படுத்துக் கிடந்துச்சு. நானும் ஒரு நண்பனும் ஏறினோம். பாதி மலை வரைக்கும் தெளிவான வழி. அதுக்கு மேலயும் ஒரு வழி மாதிரி தெரிஞ்சுது, கொஞ்சம் குனிஞ்சு, கொஞ்சம் முள்ளை விலக்கிப் போனோம். மேல ஒரு பாறை முகப்புல போய் நின்னோம். பிரமாதமான காட்சி. வந்த வழியிலேயே எப்படியோ இறங்கிட்டோம். அன்னிக்கு ராத்திரியே உட்கார்ந்து அடியில இருந்து பாறை வரைக்கும் ஒரே கோடா இழுத்து, 'பாதை, நல்லா தெரியும்'னு போட்டேன். நாலு போட்டோ. அஞ்சு ஸ்டார் இருந்திருந்தா அதையும் குடுத்திருப்பேன்.

ஆவணி வாக்குல யாரோ ஒருத்தர் என் பதிவுக்குக் கீழ ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தாரு. 'மேல் பாதி உண்மையிலேயே பாதைதானா? நான் போனப்போ எதுவும் இல்லையே.' யோசிச்சேன். எனக்கும் முழு நம்பிக்கை இல்லை. மேல் பாதியை அழிச்சுட்டேன். சில நிமிஷத்துல வரைபடத்துல மாறிடுச்சு. வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சேன்.

கார்த்திகையில ஒரு மெயில். நாலு காலேஜ் பசங்க. 'அண்ணா, உங்க மேப்பைப் பார்த்துத்தான் போனோம். திட்டறதுக்காக எழுதல. நடந்ததைச் சொல்லணும்னு தோணுச்சு'ன்னு ஆரம்பிச்சிருந்தாங்க. மதியம் ரெண்டு மணிக்கு ஏறியிருக்காங்க, அதுவே லேட்டு. மழை பெஞ்சு மலை முழுக்க பச்சை. பாதி மலைக்கு மேல தரையில வழியே தெரியல, ஆனா போன்ல கோடு இருக்கு. கோட்டை நம்பி ஏறியிருக்காங்க. பாறையில போய் முடிஞ்சது. திரும்பிப் பார்த்தா வந்த வழி எதுன்னு தெரியல. இருட்டிடுச்சு. ஒருத்தனுக்குக் கணுக்கால் பிசகிடுச்சு. நாலு போன்ல ஒண்ணுலதான் சார்ஜ். சத்தம் போட்டிருக்காங்க. கீழ பட்டியில இருந்த ஒரு ஆட்டுக்காரர் கேட்டுட்டு, டார்ச்சை எடுத்துக்கிட்டு ஏறிப் போய், ராத்திரி ஒன்பதரைக்குக் கீழ கொண்டு வந்து விட்டிருக்காரு.

நான் அழிச்ச கோடு அவங்க போன்ல எப்படி இருந்துச்சு? அவங்க ஆடி மாசமே அந்த ஏரியா வரைபடத்தை ஆஃப்லைன்ல இறக்கி வச்சிருக்காங்க. மலையில சிக்னல் இருக்காதுன்னு முன்யோசனையா செஞ்ச வேலை. நல்ல பழக்கம்தான். ஆனா அதுக்கப்புறம் அப்டேட் பண்ணல. நான் ஆவணியில அழிச்சது அவங்களுக்குப் போய்ச் சேரவே இல்லை. இலவசத் தரவோட பலமும் ஆபத்தும் ஒரே இடத்துல இருக்கு பாருங்க. நான் ஒரு இடத்துல போட்ட கோட்டை எத்தனை ஆப் எடுத்துக்கிச்சு, எத்தனை போன்ல போய் உட்கார்ந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. போட்டதைத் திரும்ப வாங்க முடியாது.

அடுத்த வாரம் நான் அந்த ஆட்டுக்காரரைப் பார்க்கப் போனேன். அறுபதைத் தாண்டியிருப்பாரு. நான்தான் அந்தக் கோட்டைப் போட்டவன்னு சொன்னேன். கோபப்படல. போன்ல இருக்கிற கோட்டைக் காட்டச் சொன்னாரு. மேல் பாதியைக் காட்டினதும் சிரிச்சுட்டாரு. 'ஏந் தம்பி, இது வெள்ளாடு போற தடமுங்க. ஆடு பாறை மேல ஏறி நாலு தழையைக் கடிச்சுட்டு அப்படியே தாவித் திரும்பிக்கும். நீங்க ஏறிட்டு எறங்கறதுக்கு என்ன பண்ணுவீங்க?'

அன்னிக்குப் பாதி நாள் அவர் கூட நடந்தேன். ஆடு போன தடத்தையும் ஆள் போன தடத்தையும் எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறதுன்னு அவர் சொல்லித் தந்தது இது. ஆட்டுத் தடம் முழங்காலுக்குக் கீழ திறந்திருக்கும், நெஞ்சு உயரத்துல முள் மூடியிருக்கும். நாங்க குனிஞ்சு போனோம்னு சொன்னேனே, அப்பவே புரிஞ்சிருக்கணும். ஆட்டுத் தடம் பத்தடிக்கு ஒருக்கா பிரியும், ஒவ்வொரு கிளையும் ஒரு புதர்ல போய் முடியும். ஆள் நடந்த தடம் எங்கேயாவது போய்ச் சேரும். ஒரு கோயிலுக்கு, ஒரு சுனைக்கு, ஒரு ஊருக்கு. செங்குத்தா ஏறாது, வளைஞ்சு வளைஞ்சு ஏறும், திருப்பத்துல யாரோ ரெண்டு கல்லை எடுத்து வச்சிருப்பாங்க. பாதம் பட்டுப் பட்டுக் கல்லு வழவழன்னு இருக்கும். உடைச்ச தேங்காய் ஓடு, பீடித் துண்டு, பாறையில சுண்ணாம்புல போட்ட ஒரு நாமம், ஏதாவது ஒண்ணு கண்ல படும். இது எதுவுமே செயற்கைக்கோள் படத்துல தெரியாது. மேல இருந்து பார்த்தா ரெண்டு தடமும் ஒரே வெளிர் கோடுதான்.

இந்தத் தப்பு நான் மட்டும் பண்றது இல்லை. ஸ்காட்லாந்துல பென் நெவிஸ்னு ஒரு மலை, பிரிட்டன்லயே உயரமானது. 2021ல கூகுள் மேப்ஸ் அங்க காட்டின ஒரு வழி உயிருக்கே ஆபத்தானதுன்னு அந்த ஊர் மலையேற்ற அமைப்புகள் வெளிப்படையா எச்சரிச்சாங்க. அந்தச் செய்தியை நானும் அப்பப் படிச்சேன். 'கூகுள்காரனுக்கு லோக்கல் தெரியாது, நம்ம மாதிரி ஆளுங்க பண்ணா இப்படி ஆகாது'ன்னு நினைச்சேன். நான் லோக்கல்தானே. என்ன ஆச்சு?

நம்ம பக்கம் இதைப் பேசும்போது குரங்கணியைச் சொல்லாம இருக்க முடியாது. 2018 மார்ச் 11. தேனி மாவட்டம். கொழுக்குமலைப் பக்கத்துல இருந்து இறங்கி வந்துட்டிருந்த ரெண்டு குழுக்கள் காட்டுத் தீயில மாட்டிக்கிட்டாங்க. ஒண்ணு சென்னையில இருந்து போனது, இன்னொண்ணு ஈரோடு, திருப்பூர் பக்கத்துல இருந்து. 23 பேர் செத்துப் போனாங்க. ஈரோடு நமக்குப் பக்கத்து ஊர். அவங்க ட்ரெக்கிங்னு தனி ஆளுங்க இல்லை, சனி ஞாயிறு லீவுல கிளம்பின நம்மளை மாதிரி சாதாரண ஆளுங்க.

அதுக்கப்புறம் அதே வருஷம் தமிழ்நாடு அரசு காட்டுப் பகுதியில ட்ரெக்கிங் போறதுக்குத் தனி விதிகள் கொண்டு வந்துச்சு. 2024 அக்டோபர்ல 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் வந்துச்சு. 14 மாவட்டத்துல 40 பாதை. ஆன்லைன்ல காசு கட்டிப் பதிவு பண்ணணும், உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி குடுத்து வழிகாட்டியா கூட அனுப்பறாங்க. காட்டுத் தீ காலத்துல மூடிடுவாங்க. காசு கூடன்னு சில பேர் குறை சொல்றாங்க, எனக்கும் சில பாதைக்கு அப்படித் தோணியிருக்கு. ஆனா வழிகாட்டியா வர்றவர் அந்த மலையிலேயே பிறந்தவர்ங்கறது சின்ன விஷயம் இல்லை.

இதுல எங்க தளத்துக்கு என்ன சிக்கல்னா, நம்ம சுத்தி இருக்கிற மலைகள்ல பெரும்பகுதி காப்புக்காடு. 1882ஆம் வருஷத்துத் தமிழ்நாடு வனச் சட்டம் இன்னிக்கும் அமல்ல இருக்கு. காப்புக்காட்டுக்குள்ள அனுமதி இல்லாம நுழைஞ்சா குற்றம். அப்போ காப்புக்காட்டுக்குள்ள இருக்கிற பாதையை வரையலாமா, கூடாதா?

எங்கள்ல பாதிப் பேர் 'எல்லாத்தையும் அழிச்சுடலாம்'னு சொன்னாங்க. நானும் அந்தக் கட்சிதான், என் கதைக்கு அப்புறம் வேற எப்படி இருப்பேன். ஆனா அழிச்சா என்ன ஆகும்? ரெண்டு மாசம் கழிச்சு வேற ஊர்ல உட்கார்ந்திருக்கிற ஒருத்தர் செயற்கைக்கோள் படத்தைப் பார்ப்பாரு. 'அட, ஒரு பாதை விட்டுப் போயிருக்கே'ன்னு திரும்ப வரைவாரு. நல்ல எண்ணத்துலதான். இந்தத் தடவை எந்த எச்சரிக்கையும் இல்லாம. இது கற்பனை இல்லை, உலகம் முழுக்க ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ல நடக்கிற விஷயம், அமெரிக்காவுல தேசியப் பூங்காக்காரங்களும் வரையறவங்களும் இதைப் பத்தியே வருஷக்கணக்கா பேசிட்டிருக்காங்க. அதனால கோட்டை வச்சுக்கிட்டு, 'அனுமதி இல்லை' இல்லேன்னா 'அனுமதி வாங்கிப் போகணும்'னு அதுக்கான கட்டத்துல தெளிவா போடறது. எங்க தளத்துல அந்தக் கோடு சிவப்பா வரும். எந்த வனச்சரக அலுவலகத்துல கேட்கணும்னு மட்டும் இருக்கும். போட்டோ கிடையாது, நேரம் கிடையாது, 'டிப்ஸ்' கிடையாது. வழி இருக்குங்கற உண்மையை மறைக்கல, போங்கன்னும் சொல்லல.

இது முழுசா சரியான்னு கேட்டா, எனக்குத் தூக்கம் கெடாத அளவுக்குச் சரி. சில ஆப் அந்தச் சிவப்பை மதிக்காம சாதாரணக் கோடாவே காட்டும். அதுக்கு இன்னும் எங்ககிட்ட பதில் இல்லை.

இன்னொரு விவாதம், இது எனக்கு எதிர்பாராத பக்கத்துல இருந்து வந்துச்சு. மலை ஊர்ப் பாதைகள். போதமலையைப் பத்திச் செய்தியில பார்த்திருப்பீங்க. நாமக்கல் மாவட்டம், ராசிபுரத்துக்குப் பக்கம். கீழூர், மேலூர், கெடமலைன்னு மூணு ஊர். ரோடு இல்லாததால தேர்தல் வந்தா வாக்கு இயந்திரத்தைத் தலைச்சுமையா தூக்கிக்கிட்டு அலுவலர்கள் மலையேறுவாங்க. இப்போதான் ரோடு வேலை வந்திருக்கு. கொல்லிமலை, சேர்வராயன், இந்த மலைகள்ல எல்லாம் வாழறவங்க மலையாளிகள், பழங்குடி மக்கள். கேரளாவுக்கும் இந்தப் பேருக்கும் சம்பந்தம் இல்லை, மலையை ஆள்றவங்க, தமிழ் பேசறவங்க. அவங்க சந்தைக்கு, பள்ளிக்கூடத்துக்கு, அடுத்த ஊர்ல பொண்ணு குடுத்த வீட்டுக்குப் போற வழிகள் நூத்துக்கணக்கா இருக்கு. ட்ரெக்கிங் பார்வையில பார்த்தா ஒவ்வொண்ணும் அருமையான பாதை.

அதை நாங்க போடக் கூடாதுன்னு முடிவு பண்ணியிருந்தோம். அடுத்தவங்க வீட்டு வாசலை டூரிஸ்ட் ஸ்பாட் ஆக்கக் கூடாதுன்னு பெரிய மனசோட எடுத்த முடிவு. ஒரு மலை ஊர்ல ஒரு அக்காகிட்ட இதைப் பெருமையாவே சொன்னேன். அவங்க போனை வாங்கிப் பார்த்துட்டுக் கேட்டாங்க, 'எங்க ஊருக்கு வழியே இல்லைன்னு இது சொல்லுதா?'

இல்லைங்க்கா, உங்க நல்லதுக்குத்தான்னு இழுத்தேன். அவங்க விடல. 'போன வருஷம் எங்க நாத்தனாரைத் தூளி கட்டித் தூக்கிட்டு எறங்கினோம். கீழ 108 வண்டிக்காரருக்கு எந்தப் பக்கம் வந்து நிக்கணும்னு தெரியல. ரெண்டு பக்கம் வழி இருக்கு. அவரு மத்த பக்கம் போய் நின்னாரு. உங்க மேப்புல இருந்தா தெரிஞ்சிருக்குமா, இருக்காதா?'

தெரிஞ்சிருக்கும்.

அந்த வழியை அவங்க பையனே எங்க கூட நடந்து வரைஞ்சான். ரெண்டு இறங்கு முனைக்கும் ஊர்க்காரங்க சொல்ற பேரையே தமிழ்ல போட்டோம். முடிச்சுட்டுக் கிளம்பும்போது அந்த அக்கா சொன்னாங்க, 'வழியைப் போடுங்க. சுனையை மட்டும் போட்டுடாதீங்க. போன தடவை வந்தவங்க அதுல ஷாம்பூ போட்டுக் குளிச்சுட்டுப் போனாங்க. நாங்க குடிக்கிற தண்ணி.' சுனை வரைபடத்துல இல்லை. எது இருக்கணும், எது இருக்கக் கூடாதுன்னு அந்த ஊருக்குத் தெளிவா தெரிஞ்சிருக்கு. நாங்க கேட்காம, நாங்களா முடிவு பண்ணிட்டிருந்தோம்.

இதெல்லாம் சேர்ந்து தளத்துல ஒரு மாற்றம் கொண்டு வந்தோம். ஸ்டார் ரேட்டிங் எடுத்தாச்சு. இப்போ ஒரு பாதையைத் திறந்தா முதல் வரி அனுமதி. ரெண்டாவது வரி, கடைசியா ஒரு ஆள் முழுசா நடந்து பார்த்த தேதி, எந்த மாசம், மழைக்கு முன்னாடியா பின்னாடியா. சரிபார்த்த தேதியைப் போடறதுக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்லயே கட்டம் இருக்கு, நிறைய பேர் அதைக் கண்டுக்கறதில்லை. அந்தத் தேதிக்கு ஒரு வருஷம் தாண்டினா கோடு தானா சாம்பல் நிறத்துக்கு மாறிடும். சாம்பல்னா 'இங்க ஒரு காலத்துல வழி இருந்துச்சு, இப்போ தெரியாது'ன்னு அர்த்தம். திரும்ப யாராவது நடந்து தேதி போட்டாத்தான் பச்சை. ஆரம்பத்துல இதுல ஒரு பெரிய அடி, ஒரே நாள்ல முக்கால்வாசிப் பாதை சாம்பல் ஆயிடுச்சு. பார்க்கவே பரிதாபமா இருந்துச்சு. ஒரு நண்பர், 'சைட் செத்துப் போன மாதிரி இருக்கே, யாரு வருவா?'ன்னாரு. ஆனா பாருங்க, அந்தச் சாம்பலைப் பார்த்துத்தான் ஆளுங்க நடக்க ஆரம்பிச்சாங்க. காலியா இருக்கிற கட்டத்தை நிரப்பணும்னு மனுசனுக்கு ஒரு நமநமப்பு இருக்கும் போல.

நீங்க ஆரம்பிக்கணும்னா எங்கிருந்து ஆரம்பிக்கலாம்னு நிறைய பேர் கேட்கிறீங்க. படிக்கட்டு இருக்கிற மலையில ஆரம்பிங்க. நைனாமலை, சேந்தமங்கலம் பக்கம், மேல வரதராஜப் பெருமாள். ஆயிரக்கணக்கான படி, வழி தவற வாய்ப்பே இல்லை, புரட்டாசி சனிக்கிழமைன்னா ஊரே கூட ஏறும். சங்ககிரி மலைக்கோட்டை இன்னொண்ணு. தீரன் சின்னமலையை 1805ல தூக்குல போட்ட இடம். வாசல் வாசலா தாண்டி ஏறணும், தொல்லியல் துறை பாதுகாப்புல இருக்கு. ரெண்டுமே காலையில ஆறு மணிக்கு ஏற ஆரம்பிங்க. நம்ம ஊர் வெயில்ல பத்து மணிக்கு மேல பாறை அடுப்புக் கல்லா மாறிடும். ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி. கஞ்சமலை மாதிரி இரும்புத்தாது இருக்கிற மலையில போன்ல இருக்கிற திசைகாட்டி முள்ளை அப்படியே நம்பாதீங்க, காந்தக் கல்லு அதைக் குழப்பும். ஜிபிஎஸ் புள்ளிக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

வரையறதுக்கு, ஆண்ட்ராய்டுல ஸ்ட்ரீட்கம்ப்ளீட்னு ஒரு ஆப் இருக்கு. கோடு இழுக்க வேண்டியதே இல்லை, சின்னச் சின்னக் கேள்வி கேட்கும். இந்தப் பாதை மண்ணா கல்லா, இந்தப் படிக்கட்டுக்குக் கைப்பிடி இருக்கா. பதில் சொன்னா போதும். பழகின பிறகு கோடு இழுக்கலாம். ஒரு தடவை நடந்ததை வச்சு இழுக்காதீங்க. குறைஞ்சது ரெண்டு தடவை, முடிஞ்சா காய்ச்சல்ல ஒண்ணு, மழைக்கு அப்புறம் ஒண்ணு. கிளம்பறதுக்கு முந்தின நாள் ஆஃப்லைன் வரைபடத்தை அழிச்சுட்டுப் புதுசா இறக்கிக்கோங்க. அடிவாரத்துல யாராவது ஆடு மேய்ச்சுட்டிருந்தா நின்னு ஒரு வார்த்தை பேசிட்டுப் போங்க.

அந்தப் பேர் சொல்லாத மலையோட மேல் பாதியை நான் திரும்ப வரைஞ்சு வச்சிருக்கேன், சிவப்புல. ஆட்டுக்காரர் கூட நடந்த அன்னிக்கு ராத்திரி போட்டது. குறிப்புல இருக்கறது இவ்வளவுதான்: 'வெள்ளாட்டுத் தடம். பாறையில் முடிகிறது. ஆள் இறங்க வழி இல்லை.' மெயில் எழுதின நாலு பேர்ல ரெண்டு பேர் இப்போ எங்க கூட வரையறாங்க. கணுக்கால் பிசகினவன் சேலத்துக்குத் தெற்கே இருக்கிற சாம்பல் கோடு எல்லாத்தையும் தைக்குள்ள பச்சையாக்கறேன்னு கிளம்பியிருக்கான். மதியத்துக்கு மேல ஏற மாட்டேன்னு அவங்க அம்மாகிட்ட சத்தியம் பண்ணியிருக்கானாம்.